பிப்ரவரியிலேயே சொன்னார்களே

2024 மார்ச் 12ஆம் தேதி இரவு, அமெரிக்காவின் இரண்டு பெரிய கட்சிகளுக்கும் அதிபர் வேட்பாளர் யார் என்பது முடிவாகிவிட்டது. ஜனநாயகக் கட்சியின் பைடனுக்கும் குடியரசுக் கட்சியின் டிரம்புக்கும், வேட்பாளரை முறைப்படி தேர்ந்தெடுக்கும் கட்சி மாநாட்டுக்குத் தேவையான பிரதிநிதிகள் எண்ணிக்கை ஒரே நாளில் சேர்ந்தது. டிரம்ப்பை எதிர்த்து நின்ற நிக்கி ஹேலி அதற்கு ஆறு நாள் முன்பே விலகியிருந்தார், பைடனை எதிர்த்து நின்ற டீன் பிலிப்ஸும் அதே நாளில் ஒதுங்கிவிட்டார். ஆனால் பிரைமரிகள், அதாவது கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க மாநிலம்தோறும் நடக்கும் உள்தேர்தல்கள், நின்றுவிடவில்லை. ஏப்ரல், மே என்று மாநிலம் மாநிலமாக நடந்துகொண்டே இருந்தன, அவற்றில் லட்சக்கணக்கானவர்கள் வாக்குச்சாவடிக்குப் போய், ஜெயிக்கப்போவதே இல்லை என்று தெரிந்த ஒரு பெயருக்கோ, பெயரே இல்லாத ஒரு கட்டத்துக்கோ ஓட்டு போட்டுவிட்டு வந்தார்கள்.

அவர்களைப் பற்றித்தான் இந்தப் பதிவு. நான் இருப்பது மிச்சிகனின் தென்கிழக்கு மூலையில், டெட்ராய்ட்டைச் சுற்றியிருக்கும் ஊர்களில் ஒன்றில். இங்கே கார் கம்பெனிகளை நம்பி வந்து குடியேறிய தமிழர்கள் நிறைய. அந்த வருடம் ஊரிலிருந்து வந்த எல்லா ஃபோனிலும் துளசேந்திரபுரம் பேச்சுதான், மன்னார்குடி பக்கத்தில் கமலா ஹாரிஸின் தாத்தா பிறந்த ஊர், கோயிலில் பூஜை, பேனர் என்று. எனக்கோ மனசு முழுக்க டியர்பார்னில் இருந்தது. என் வீட்டிலிருந்து காரில் கொஞ்ச நேரம்தான். என்னோடு வேலை பார்க்கும் நண்பர் அந்த ஊர்க்காரர், பெற்றோர் தெற்கு லெபனானிலிருந்து வந்தவர்கள், ஒபாமாவில் தொடங்கி பைடன் வரை ஒவ்வொரு முறையும் ஜனநாயகக் கட்சிக்கே போட்டவர். அவரும் அவரைப் போன்றவர்களும் சொந்தக் கட்சிக்கு எட்டு மாதம் முன்னாலேயே கையெழுத்துப் போடாத குறையாக எச்சரிக்கை கொடுத்தார்கள். அதை வாங்கிக்கொள்ள யாரும் வரவில்லை. அது எனக்கு இன்னும் ஆறவில்லை.

முதலில் ஹேலி பக்கத்தைப் பார்த்துவிடலாம், ஏனென்றால் அந்த வசந்த காலத்தில் எல்லோரும் அங்கேதான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஹேலி விலகிய பிறகும் வாக்குச்சீட்டில் அவர் பெயர் இருந்தது. ஜார்ஜியாவில் 13 சதவீதம் வாங்கினார். அரிசோனாவில் கிட்டத்தட்ட 18 சதவீதம். ஏப்ரல் 23இல் பென்சில்வேனியாவில், அவர் ஏழு வாரமாகப் பிரச்சாரமே செய்யாத நிலையில், 16 சதவீதத்துக்கு மேல், ஒன்றரை லட்சத்துக்கும் அதிகமான ஓட்டு. மே மாதம் இந்தியானாவில் 21 சதவீதத்தைத் தாண்டியது. இந்த எண்களை எடுத்துக்கொண்டு ஆட்கள் உடனே கணக்குப் போட்டார்கள்: 2020இல் பென்சில்வேனியாவை பைடன் ஜெயித்தது சுமார் 80,000 ஓட்டில், அரிசோனாவை 10,457 ஓட்டில், ஜார்ஜியாவை 11,779 ஓட்டில், அப்படியானால் இந்த ஹேலிக்காரர்களில் பாதிப்பேர் வீட்டிலேயே இருந்துவிட்டாலும் டிரம்ப் கதை முடிந்தது. பார்க்க அழகான கணக்கு. தொலைக்காட்சியில் ஒவ்வொரு செவ்வாய்க்கிழமை இரவும் அதே கணக்கைத்தான் வெவ்வேறு வண்ணங்களில் போட்டுக் காட்டினார்கள்.

அதில் கேட்காமல் விட்ட கேள்வி, அந்த ஓட்டைப் போட்டவர் யார் என்பது. பிரைமரி விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. இந்தியானாவில் கட்சிப் பதிவு என்பதே கிடையாது, போகிற நாளில் எந்தக் கட்சிச் சீட்டு வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொள்ளலாம். நியூ ஹாம்ப்ஷயரில் எந்தக் கட்சியிலும் பதிவு செய்யாதவர்கள் எந்தப் பக்கமும் போடலாம், ஹேலி ஜனவரியில் அங்கே 43 சதவீதம் வாங்கியதற்கு அதுதான் பெரிய காரணம். அவருக்குப் போட்டவர்களில் நல்ல பங்கு பேர் 2020இலேயே பைடனுக்குப் போட்டவர்கள், குடியரசுக் கட்சியை விட்டு என்றைக்கோ வெளியேறிவிட்டவர்கள். அவர்கள் டிரம்ப் பக்கம் வரமாட்டார்கள் என்பது உண்மைதான், ஆனால் அது பைடன் கணக்கில் ஏற்கெனவே சேர்ந்திருந்த ஓட்டு. பென்சில்வேனியா மாதிரி கட்சியில் பதிவு செய்தவர் மட்டுமே போடக்கூடிய இடத்தில் விழுந்த ஓட்டு வேறு ரகம், அதைக் கொஞ்சம் கவனமாகப் பார்க்க வேண்டியிருந்தது. அங்கேயும், பதிவை மாற்றாமலே மனம் மாறிவிட்ட பழைய குடியரசுக் கட்சிக்காரர்கள் நகரத்தைச் சுற்றிய வசதியான புறநகர்களில் நிறைய.

நெவாடாவில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன், இந்தத் தேர்தலில் எனக்கு மறக்காத இரவு அது. அங்கே குடியரசுக் கட்சி தனியாக ஒரு காகஸ், அதாவது கட்சியே நடத்தும் தேர்வுக் கூட்டம், நடத்தியது, டிரம்ப் அதில் மட்டும் நின்றார், அரசு நடத்திய பிரைமரியில் ஹேலி மட்டுமே பெரிய பெயர். அந்த மாநிலத்துச் சீட்டில் நம் நோட்டா போலவே 'இவர்களில் யாரும் வேண்டாம்' என்று ஒரு வரி உண்டு. ஹேலிக்கு 30 சதவீதம், அந்த வரிக்கு 63 சதவீதம். டிரம்ப் பெயரே இல்லாத சீட்டில், டிரம்ப் ஆதரவாளர்கள் மெனக்கெட்டுப் போய் அந்தக் கட்டத்தை நிரப்பிவிட்டு வந்தார்கள். குடியரசுக் கட்சியின் அடிமனசு எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ள பிப்ரவரி 6ஆம் தேதி அந்த ஒரு முடிவே போதுமானதாக இருந்தது.

இப்போது மிச்சிகன். பிப்ரவரி 27.

எங்கள் மாநிலத்தில் பிரைமரி சீட்டில் 'அன்கமிட்டட்' என்று ஒரு கட்டம் இருக்கும், எந்த வேட்பாளருக்கும் கட்டுப்படாத பிரதிநிதியை மாநாட்டுக்கு அனுப்பு என்று பொருள். நோட்டா மாதிரி தெரியும், ஆனால் இதற்குப் பல் உண்டு: ஒரு தொகுதியில் 15 சதவீதம் தாண்டினால் நிஜமாகவே ஓர் ஆள் மாநாட்டு மண்டபத்துக்குள் போய் உட்காருவார். 2008இல் ஒபாமா தன் பெயரை மிச்சிகன் சீட்டிலிருந்து எடுத்துக்கொண்டபோது, அவருக்குப் போட நினைத்தவர்கள் இந்தக் கட்டத்தைத்தான் நிரப்பினார்கள், 40 சதவீதம் விழுந்தது. ஆக, எங்கள் ஊர்க்காரர்களுக்கு இது பழகிய கருவி.

2023 அக்டோபருக்குப் பிறகு காசாவில் நடந்ததைப் பார்த்து டியர்பார்ன் தூங்காமல் கிடந்தது என்று சொன்னால் மிகையில்லை. ஃபோர்டு கம்பெனியின் தலைமையகம் இருக்கும் ஊர், மக்கள் தொகை 1,10,000 அளவில், அதில் பாதிக்கும் மேல் அரபு வம்சாவளி. லெபனான்காரர்கள், யேமன்காரர்கள், ஈராக்கியர், பாலஸ்தீனர். ஃபோர்டின் ரூஜ் தொழிற்சாலைக்கு வேலைக்கு வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று மேயர், மருத்துவர், பள்ளி ஆசிரியர். தங்கள் வரிப்பணத்தில் போகும் குண்டு தங்கள் சொந்தக்காரர்கள் தலையில் விழுகிறது என்பது அவர்களுக்குத் தொலைக்காட்சிச் செய்தி மட்டும் கிடையாது, வாட்ஸ்அப்பில் வரும் குடும்பச் செய்தி. ஜனவரி கடைசியில் பைடனின் பிரச்சார மேலாளர் டியர்பார்னுக்கு வந்தபோது மேயர் அப்துல்லா ஹமூத் சந்திக்க மறுத்துவிட்டார். அவர் சொன்ன நியாயம் எளிமையானது: நாங்கள் பேச வேண்டியது போரை நிறுத்தும் அதிகாரம் உள்ளவர்களோடு, ஓட்டு எண்ணுபவர்களோடு பேச எங்களிடம் ஒன்றும் இல்லை. பிறகு வெள்ளை மாளிகை அதிகாரிகள் வந்தார்கள்தான், பேசினார்கள்தான். ஆனால் முதலில் வந்தது யார் என்பதை ஊர் கவனித்துவிட்டது.

அப்புறம்தான் 'லிசன் டு மிச்சிகன்' என்ற இயக்கம் கிளம்பியது. சில வாரங்கள்தான் இருந்தன. அவர்கள் வெளியே சொன்ன இலக்கு 10,000 ஓட்டு. 2016இல் டிரம்ப் மிச்சிகனை ஜெயித்தது 10,704 ஓட்டில் என்பதால் அந்த எண். விழுந்தது ஒரு லட்சத்துக்கும் மேல், மொத்தத்தில் 13 சதவீதம். டியர்பார்ன் நகரத்துக்குள் பதவியில் இருக்கும் அதிபரைவிட அந்தக் காலிக் கட்டத்துக்கு அதிக ஓட்டு. ஆன் ஆர்பர் மாதிரி மாணவர்கள் நிறைந்த ஊரிலும் நன்றாக விழுந்தது, அதனால் இது ஓர் இனத்தாரின் கோபம் மட்டும் என்று ஒதுக்கவும் முடியாது. ஒரு வாரத்தில் மினசோட்டாவில் 19 சதவீதம். அதற்கடுத்து ஹவாய், விஸ்கான்சின். விஸ்கான்சினில் அந்தக் கட்டத்துக்கு 48,000 ஓட்டு வந்தது, பைடன் 2020இல் அந்த மாநிலத்தை ஜெயித்தது 20,682 ஓட்டில்.

'இதெல்லாம் எப்போதும் வருவதுதான், ஒபாமாவுக்கே 2012இல் மிச்சிகனில் 10 சதவீதம் அன்கமிட்டட் விழுந்தது' என்று கட்சி ஆட்கள் சொன்னார்கள். சதவீதம் சரிதான். ஆனால் 2012இல் அது 21,000 ஓட்டுக்கும் கீழே, யாரும் பிரச்சாரம் செய்யாமல், எந்தக் கோரிக்கையும் இல்லாமல் தானாக உதிர்ந்தது. 2024இல் அதைப்போல ஐந்து மடங்கு, ஒரே ஒரு கோரிக்கையோடு. போரை நிறுத்து, ஆயுதம் கொடுப்பதை நிறுத்து. இவ்வளவு தெளிவாக எழுதிக் கொடுத்த மனுவை சதவீதம் காட்டித் தள்ளிவிடுவது எந்த ஊர் அரசியல் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

இந்த மாதிரி ஓட்டுப் போடுகிறவர்களைத் துரோகிகள் என்று பேசுவதைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வரும். பிப்ரவரி குளிரில், முடிவு தெரிந்த ஒரு தேர்தலுக்கு, பனியில் வண்டி ஓட்டிப்போய் சொந்தக் கட்சியின் சீட்டைக் கேட்டு வாங்கி, அதில் எதிர்ப்பைப் பதிவு செய்கிறவர் கட்சியை விட்டுப் போனவர் இல்லை. போய்விட்டவர் வரவே மாட்டார். நம் ஊர்க் கல்யாணத்தில் தாய்மாமன் கோபித்துக்கொண்டு பந்தலுக்கு வெளியே நிற்பார், உள்ளே வரமாட்டேன் என்பார், ஆனால் வீட்டுக்கும் கிளம்பமாட்டார். அவர் அங்கே நிற்பதற்கு ஒரே காரணம், யாராவது வந்து கையைப் பிடித்துக் கூப்பிடுவார்கள் என்பதுதான். பெரிய மனிதர் ஒருவர் எழுந்து போய், 'உங்க குறை நியாயம்தான், வாங்க' என்று சொன்னால் மாலை போடுவதற்கு முதல் ஆளாக வந்து நிற்பார். கூப்பிடாமல் முகூர்த்தத்தை முடித்துவிட்டு, மாமன் குடும்பத்தைக் கேவலப்படுத்திவிட்டான் என்று பேசினால் அதற்கு என்ன அர்த்தம்?

அமெரிக்க அரசியலில் இப்படி எழுந்து போய்க் கூப்பிட்ட கதைகளும் உண்டு, கூப்பிடத் தெரியாமல் தோற்ற கதைகளும் உண்டு. 2008தான் இதில் சிறந்த பாடம். அந்த வருடம் மார்ச்சில் கேலப் எடுத்த கணிப்பில் ஹிலரி கிளிண்டன் ஆதரவாளர்களில் 28 சதவீதம் பேர், ஒபாமா வேட்பாளரானால் குடியரசுக் கட்சியின் மெக்கெயினுக்குப் போடுவோம் என்று சொன்னார்கள். நால்வரில் ஒருவருக்கும் மேல்! ஒபாமா தரப்பு அதை வெறும் வீராப்பு என்று விடவில்லை. ஜூன் 7இல் கிளிண்டன் கௌரவமாக விலகி ஆதரவு தருவதற்கு இடம் கொடுத்தார்கள். அந்த மாதக் கடைசியில் நியூ ஹாம்ப்ஷயரில் யூனிட்டி என்ற சின்ன ஊரில் இருவரும் சேர்ந்து மேடையேறினார்கள், பிரைமரியில் இருவருக்கும் சரியாக 107 ஓட்டு விழுந்த ஊர் அது. கிளிண்டனின் பிரச்சாரக் கடனை அடைக்கத் தன் நன்கொடையாளர்களிடம் ஒபாமா கேட்டார். டென்வர் மாநாட்டில் கிளிண்டன் பெயரும் முறைப்படி முன்மொழியப்பட்டு, மாநிலங்களின் ஓட்டு தொடங்கி, நியூயார்க் முறை வந்தபோது கிளிண்டனே எழுந்து ஒபாமாவை ஒருமனதாக ஏற்போம் என்று சொன்னார். ஆதரவாளர்கள் அழுதார்கள், ஆனால் அவர்களுடைய ஓட்டு அவமதிக்கப்படவில்லை. நவம்பரில் பெரும்பாலானவர்கள் வந்து சேர்ந்தார்கள், எல்லோரும் இல்லை, ஆனால் போதுமான அளவுக்கு மேல்.

எதிர்ப்பக்கத்துக் கதைகளைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். 1980இல் அதிபர் கார்ட்டருக்கும் அவரை எதிர்த்து நின்ற சொந்தக் கட்சியின் எட்வர்ட் கென்னடிக்கும் நடந்த சண்டை நியூயார்க் மாநாட்டு மேடை வரை நீண்டது, கார்ட்டர் 41 சதவீதத்தோடு தோற்றார். 1992இல் தந்தை புஷ்ஷுக்கு எதிராக நியூ ஹாம்ப்ஷயரில் புக்கானன் 37 சதவீதம் வாங்கினார், அது வரி உயர்வு பற்றிய கட்சித் தொண்டர்களின் கோபம், புஷ் அதிலிருந்து மீளவே இல்லை. பதவியில் இருக்கும் அதிபருக்குச் சொந்தக் கட்சிக்குள் எதிர்ப்பு வந்தால் அது நவம்பருக்கான எச்சரிக்கை என்பது இங்கே அரசியல் பார்க்கும் எல்லோருக்கும் தெரியும்.

எனக்கு அதிகம் வலிப்பது, இந்தக் கலை பைடனுக்கு நன்றாகவே தெரியும் என்பது. 2020இல் பைடனிடம் பிரைமரியில் தோற்ற சாண்டர்ஸின் ஆதரவாளர்கள் மனசு விட்டுப்போயிருந்தபோது, இரண்டு தரப்பும் சேர்ந்து ஆறு குழுக்கள் அமைத்தார்கள். மருத்துவம், குடியேற்றம், கல்வி என்று ஆளுக்கொரு துறை. பருவநிலைக் குழுவுக்கு பைடன் பக்கத்து ஜான் கெர்ரியும் சாண்டர்ஸ் பக்கத்து அலெக்ஸாண்ட்ரியா ஒகாசியோ கோர்டெஸும் கூட்டுத் தலைவர்கள். உட்கார்ந்து பேசி அறிக்கை எழுதினார்கள், அதில் சிலது பிறகு சட்டமாகவும் வந்தது. அந்த மனிதரே நான்கு வருடம் கழித்து டியர்பார்ன் விஷயத்தில் அப்படி ஒன்றும் செய்யவில்லை. கொள்கையை மாற்ற மனமில்லை என்பது ஒரு பக்கம், மாற்ற மனமில்லாதபோதும் செய்யக்கூடிய மரியாதைகள் இருந்தன, அவைகூட அரைகுறையாகத்தான் வந்தன.

ஜூலை 21இல் பைடன் விலகினார், அவர் இடத்துக்குத் துணை அதிபர் ஹாரிஸ் வந்தார். அன்றைக்கு டியர்பார்னில் ஒரு மூச்சு விட்டார்கள், எனக்குத் தெரியும், நான் அந்த வாரம் நண்பரோடு பேசினேன். ஹாரிஸ் வேறு ஆள், அவர் கேட்பார் என்று நினைத்தார்கள். நண்பர் என்னிடம் 'உங்க ஊர் பொண்ணு, நல்லா இருக்கட்டும்' என்றார், மனதாரச் சொன்னார். அந்த இரண்டு மூன்று வாரம்தான் கதவு முழுசாகத் திறந்திருந்த நேரம்.

ஆகஸ்டில் சிகாகோ மாநாடு. நாடு முழுவதிலிருந்தும் 30 அன்கமிட்டட் பிரதிநிதிகள் உள்ளே இருந்தார்கள். அவர்கள் கடைசியில் கேட்டது ஆயுதத் தடைகூட இல்லை. மேடையில் ஒரு பாலஸ்தீன அமெரிக்கருக்குச் சில நிமிடம் பேச இடம் கொடுங்கள், அவ்வளவுதான். ஹமாஸிடம் பிணையாக இருந்த ஓர் அமெரிக்க இளைஞரின் பெற்றோர் அந்த மேடையில் பேசினார்கள், மண்டபமே எழுந்து நின்று கண்ணீர் விட்டது, அது சரியான செயல், அவர்களை அழைத்ததில் யாருக்கும் குறை இருந்ததாகத் தெரியவில்லை, அன்கமிட்டட் பிரதிநிதிகளும் வரவேற்றார்கள். அதே மேடையில் எதிர்ப்புறத்துத் துயரத்துக்கும் இரண்டு நிமிடம் வேண்டும் என்றார்கள். ஜார்ஜியா மாநிலச் சட்டமன்ற உறுப்பினர் ருவா ரொம்மான் பேசத் தயாராக இருந்தார். அவர் எழுதி வைத்திருந்த உரை பிறகு வெளியானது, படித்துப் பார்த்தேன். அதில் ஹாரிஸைத் தேர்ந்தெடுப்போம், டிரம்ப்பைத் தோற்கடிப்போம் என்று தெளிவாகவே இருந்தது. பந்தலுக்கு வெளியே நின்றவர்கள் தாங்களாகவே மாலையை எடுத்து வந்து நீட்டியிருக்கிறார்கள். கட்சி மறுத்துவிட்டது. பிரதிநிதிகள் யுனைட்டட் சென்டர் வாசலில் இரவு முழுக்க உட்கார்ந்திருந்தார்கள், பதில் மாறவில்லை.

ஏன் மறுத்தார்கள் என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். மாநாடு ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சி, அதில் சர்ச்சை வேண்டாம் என்ற பயம். பென்சில்வேனியாவில் யூத வாக்காளர்கள், புறநகர் வாக்காளர்கள் என்ன நினைப்பார்களோ என்ற பயம். இந்தப் பயங்கள் பொய்யென்று சொல்லமாட்டேன், ஒரு கூட்டணிக் கட்சியை நடத்துவது கஷ்டமான வேலை, ஒருவரைக் கூப்பிட்டால் இன்னொருவர் எழுந்து போவார். ஆனால் அடிப்படையில் வேறொரு கணக்கு வேலை செய்தது என்று நினைக்கிறேன்: இவர்களுக்கு வேறு போக்கிடம் இல்லை, டிரம்ப் பயத்திலேயே நவம்பரில் வந்துவிடுவார்கள்.

அந்த நம்பிக்கையில் மிச்சமான நேரத்தையும் உழைப்பையும் எங்கே செலவழித்தார்கள் என்று பாருங்கள். ஹேலிக்குப் போட்டவர்களிடம். அக்டோபர் 3இல் ஹாரிஸும் குடியரசுக் கட்சியின் முன்னாள் எம்.பி. லிஸ் செனியும் விஸ்கான்சினில் ரிப்பன் என்ற ஊரில் ஒன்றாக மேடையேறினார்கள், குடியரசுக் கட்சி பிறந்த இடம் என்று சொல்லப்படும் ஊர் அது. அக்டோபர் 21இல் ஒரே நாளில் பென்சில்வேனியா, மிச்சிகன், விஸ்கான்சின் மூன்றிலும் இருவரும் சேர்ந்து கூட்டம். மிச்சிகன் கூட்டம் ராயல் ஓக்கில் நடந்தது, டியர்பார்னிலிருந்து அது அரைமணி நேரத் தூரம்கூட இருக்காது. செனி தன் பதவியை இழந்து டிரம்ப்பை எதிர்த்தவர், அந்தத் துணிச்சலை நான் மதிக்கிறேன். ஆனால் ஈராக் போர்க்காலத்தில் துணை அதிபராக இருந்த அவர் அப்பாவையும் நினைவூட்டும் செனி என்ற பெயர் ஈராக்கிய அகதிகளும் அவர்கள் பிள்ளைகளும் வாழும் ஊரில் எப்படிக் கேட்கும் என்று அந்தப் பிரச்சாரக் குழுவில் ஒருவர்கூடவா யோசிக்கவில்லை? ஹாரிஸ் ஃபிளின்ட்டில் சில அரபு அமெரிக்கத் தலைவர்களைச் சந்தித்தார், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அக்டோபர் 8இல் ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில், பைடனிடமிருந்து எதை மாற்றிச் செய்திருப்பீர்கள் என்று கேட்டதற்கு, ஒன்றும் தோன்றவில்லை என்றார். எங்கள் அலுவலகச் சாப்பாட்டு அறையில் அந்தத் துண்டு வீடியோவை நண்பர் ஃபோனில் காட்டினார். எதுவும் பேசாமல் வைத்துவிட்டார்.

அதே சமயம் டிரம்ப் தன் பக்கத்து மனக்கசப்பை எப்படிக் கையாண்டார்? ஆரம்பத்தில் மகா மோசமாக. ஹேலிக்கு இனி பணம் கொடுப்பவர்களுக்குத் தன் முகாமில் நிரந்தரமாக இடமில்லை என்று ஜனவரியில் எழுதினார். ஹேலி விலகும்போது, தனக்குப் போட்டவர்களின் ஓட்டைச் சம்பாதிப்பது இனி டிரம்ப் பொறுப்பு என்று சொல்லிவிட்டுத்தான் போனார், ஆதரவு தெரிவிக்கவில்லை. ஆனால் மே மாதமே டிரம்புக்குத்தான் என் ஓட்டு என்று சொன்னார், ஜூலையில் மில்வாக்கி மாநாட்டு மேடையில் ஏறி முழு ஆதரவு தருவதாக அறிவித்தார், எல்லாவற்றிலும் டிரம்ப்போடு ஒத்துப்போகாதவர்களும் அவருக்கே ஓட்டு போடலாம் என்று பேசவும் செய்தார். பழித்த ஒருவரை மேடையேற்றிப் பேசவிட்டது டிரம்ப் கட்சி. ஆதரித்து உரை எழுதி வைத்திருந்தவரை மேடைக்குக் கீழேயே நிறுத்தியது ஹாரிஸ் கட்சி. இதைச் சொல்ல எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் நடந்தது அதுதான்.

நவம்பர் முடிவு வந்தபோது எக்ஸிட் போல்களில் குடியரசுக் கட்சிக்காரர்களில் பத்தில் ஒன்பதுக்கும் மேல் டிரம்புக்கே போட்டிருந்தார்கள். நிஜக் குடியரசுக் கட்சி ஹேலிக்காரர்கள் வீட்டுக்குத் திரும்பிவிட்டார்கள், எல்லை, வரி, நீதிமன்றம், விலைவாசி என்று அவர்களுக்குத் திரும்புவதற்கான காரணங்கள் கட்சியிடமே இருந்தன. அவர்களுடைய தயக்கம் டிரம்ப் என்ற ஆளின் மேல், கட்சி செய்யப்போவதன் மேல் கிடையாது. டியர்பார்ன்காரர்களுடைய தயக்கம் நேர் எதிர். பைடன் என்ற ஆளை அவர்களில் பலருக்குப் பிடிக்கும், 2020இல் கொண்டாடினார்கள், பிடிக்காதது அவர் செய்துகொண்டிருந்த ஒரு காரியம். அதனால்தான் ஆளை மாற்றியும் அவர்கள் தயக்கம் போகவில்லை. இந்த வித்தியாசத்தைப் புரிந்துகொண்டிருந்தால் யாரிடம் போய் எதைப் பேச வேண்டும் என்பது தானாகவே தெரிந்திருக்கும்.

டியர்பார்னில் டிரம்புக்கு 42 சதவீதம், ஹாரிஸுக்கு 36, பசுமைக் கட்சியின் ஜில் ஸ்டைனுக்கு 18. நான்கு வருடம் முன்னால் பைடனுக்கு மூன்றில் இரண்டு பங்கு கொடுத்த ஊர். தேர்தலுக்கு நான்கு நாள் முன்பு டிரம்ப் நேரில் வந்து ஓர் உணவகத்தில் மக்களைச் சந்தித்துவிட்டுப் போனார், அமைதி கொண்டுவருவேன் என்றார். அவர் சொன்னதை நம்பினார்களா என்று கேட்டால், நண்பர் சொல்வது, சிலர் நம்பினார்கள், நிறையப் பேர் நம்பவில்லை, ஆனால் வந்தாரே என்றார்கள். நண்பர் தன் சீட்டில் செனட்டுக்கு ஜனநாயகக் கட்சியின் ஸ்லாட்கினுக்குப் போட்டார், கீழே நீதிபதி, பள்ளிக்கூட வாரியம் வரை எல்லாவற்றையும் நிரப்பினார், மேலே அதிபர் கட்டத்தை மட்டும் காலியாக விட்டார். ஸ்லாட்கின் அந்த வருடம் மிச்சிகனில் 20,000 ஓட்டுக்கும் குறைவான வித்தியாசத்தில் ஜெயித்தார். ஹாரிஸ் 80,000 ஓட்டில் தோற்ற அதே மாநிலத்தில், அதே நாளில்.

அதற்குப் பிறகு வந்த பேச்சுதான் என்னை இதை எழுத வைத்தது. 2025 பிப்ரவரியில் டிரம்ப் காசாவை அமெரிக்காவே எடுத்துக்கொள்ளும் என்று அறிவித்தபோது, எனக்குத் தெரிந்த நல்ல மனிதர்கள், படித்த தமிழர்கள்கூட, 'இப்போ டியர்பார்னுக்கு சந்தோஷமா?' என்று குரூப்களில் எழுதினார்கள். தயவுசெய்து யோசித்துப் பாருங்கள். மிச்சிகனில் வித்தியாசம் 80,000. டியர்பார்ன் நகரம் முழுவதும், டிரம்புக்கும் ஹாரிஸுக்கும் ஸ்டைனுக்கும் சேர்த்துப் போட்ட மொத்த ஓட்டே அந்த அளவுக்கு வராது. மிச்சிகனோடு பென்சில்வேனியா, விஸ்கான்சின், ஜார்ஜியா, அரிசோனா, நெவாடா, வட கரோலினா எல்லாம் போயின, அங்கெல்லாம் டியர்பார்ன் இல்லை. விலைவாசி, குடியேற்றம், பைடன் விலகியதில் தாமதம் என்று பெரிய காரணங்கள் இருந்தன. ஒரு நகரம் தேர்தலைத் தோற்கடித்தது என்பது கணக்கே இல்லை.

அந்த அன்கமிட்டட் இயக்கம் செப்டம்பரில் என்ன சொன்னது என்பதையும் அந்த குரூப்காரர்கள் மறந்துவிட்டார்கள். ஹாரிஸுக்கு ஆதரவு அறிவிக்க முடியவில்லை, ஆனால் டிரம்ப் வரக்கூடாது, மூன்றாம் கட்சிக்குப் போட்டு அவருக்கு உதவிவிடாதீர்கள் என்று வெளிப்படையாகச் சொன்னார்கள். சிகாகோவில் அவ்வளவு அவமானப்பட்ட பிறகும். ஊருக்குள் அதற்காக அவர்கள் வாங்கிய திட்டு கொஞ்சமில்லை, கட்சிக்கு விலைபோய்விட்டார்கள் என்று சொந்தக்காரர்களே பேசினார்கள். கட்சியும் அவர்களுக்கு ஒரு நன்றிகூடச் சொன்னதாக நான் பார்க்கவில்லை.

2028க்கு இந்தக் கட்சியில் யார் யாரோ தயாராகிக்கொண்டிருக்கிறார்கள், மிச்சிகனுக்கும் ஒவ்வொருவராக வரத் தொடங்குவார்கள். நண்பர் இன்னும் ஜனநாயகக் கட்சிக்காரர்தான், கேட்டால் தயங்காமல் அப்படித்தான் சொல்வார். அடுத்த பிரைமரிக்கும் போவேன் என்கிறார், அந்தக் கட்டம் அன்றும் சீட்டில் இருக்கும் என்பதையும் சேர்த்தே சொல்கிறார்.